மச்சு வேலையும் வாரிசும்

(புளியந்தோப்பில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பரம்பரைக் கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது மச்சு வேலை. வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிறதே, அந்த மரவேலை. அதைப் புளியந்தோப்பில் வந்து பேசுவதில் எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. இந்த வட்டாரம் மச்சு வீடுகளுக்குப் பேர்போனது இல்லை. பக்கிங்காம் ஆலையும் கர்னாடிக் ஆலையும் வந்த பிறகு வேலை தேடி வந்தவர்கள் ஓலை வேய்ந்து, தகரம் போட்டு, கையில் காசு சேர்ந்தபோது நாட்டு ஓடு மாற்றிக் குடியிருந்த இடம் இது. 1921-ல் ஆலை வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாகத் திரும்பியபோது இங்கே ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஓலைக் கூரைக்கு ஒரு தீக்குச்சி போதும். இங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் சவுகார்பேட்டையிலும் ஜார்ஜ் டவுனிலும் அதே நேரத்தில் பர்மா தேக்குச் சட்டங்களுக்கு மேல் காரைத் தளம் போட்டு, தெருவுக்குத் தெரு மச்சு வீடுகள் நின்றன. தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதை வைத்தே ஆளை எடை போட்ட நகரம் இது. மச்சின் அழகைப் பேசும்போது இதை ஓரமாக வைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்களைக் கொஞ்சம் தூரமாகக் கூட்டிக்கொண்டு போகிறேன். மர மச்சு இன்றும் குடும்பத் தொழிலாக நடக்கிற ஊர் இந்தியாவில் எது என்று கேட்டால், நான் ஸ்ரீநகரைத்தான் சொல்வேன். அங்கே அதற்கு 'கதம்பந்த்' என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து வந்த சூஃபி ஞானி மீர் சையது அலி ஹமதானியோடு வந்த கைவினைஞர்கள் கொண்டுவந்த வேலை என்பது அங்குள்ளவர்கள் வழிவழியாகச் சொல்வது. பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட மிர்சா ஹைதர் துக்லத் காலத்தில் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஜீலம் நதிக்கரையில் அந்த ஞானியின் பெயரால் எழுந்த கான்கா-இ-மௌலா பெரும்பாலும் மரத்தாலான கட்டடம். தீயில் அழிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பப்பட்டது. டால் ஏரிப் படகு வீட்டில் தங்கியவர்கள் யாராவது இங்கே இருந்தால், படுத்தபடி கதம்பந்தைப் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தேவதாரு, ஊசியிலை மரங்கள், கையில் பசை இருந்தால் வால்நட். இவற்றை மெல்லிய பலகைகளாக அறுத்து, அறுகோணம், எண்கோணம், நட்சத்திரம், சாய்சதுரம் என்று சிறு துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் உள்ளங்கை அகலம்தான். அதன் ஓரங்களைச் சுற்றிலும் இழைத்து மெலிய வைத்திருப்பார்கள். அடுத்து விரல் தடிமனில் ஒரு குறுஞ்சட்டம், அதன் இரண்டு பக்கமும் காடி. பலகையின் மெலிந்த ஓரம் ஒரு பக்கத்துக் காடிக்குள் போய் உட்காரும். மறுபக்கத்துக் காடியில் அடுத்த துண்டு. இப்படித் துண்டும் சட்டமும் மாறி மாறிக் கோத்துக்கொண்டே போனால் அறை முழுக்க ஒரே வலைப்பின்னல். ஆணி கிடையாது, பசை கிடையாது. சுவரோரம் சுற்றிவரும் சட்டத்தில் மட்டும் ஆணி அடிப்பார்கள்.

இதில் கொடுமையான ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அறுகோணத்தின் ஒரு பக்கம் நூலிழை கூடிவிட்டால் அந்தத் துண்டில் அது தெரியாது. நாலைந்து வரிசை தாண்டினாலும் தெரியாது. இருபதாவது வரிசையில், எதிர்ச்சுவரை நெருங்கும்போது, கடைசித் துண்டு உட்கார மாட்டேன் என்று நிற்கும். அப்போது எந்தத் துண்டைக் குற்றம் சொல்வது? அதனால்தான் பட்டறையில் சேர்ந்த பையனுக்கு வருடக்கணக்கில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வெட்டுகிற வேலை. அப்பா அளவுக்கோலைப் பார்ப்பது குறைவு, தான் வைத்திருக்கும் மாதிரிக்கட்டையைத்தான் பார்ப்பார். அந்த மாதிரிக்கட்டைகள்தான் வீட்டின் சொத்து. கோலங்கள் நூற்றுக்கு மேல் உண்டு என்று சொல்வார்கள்.

ஆணி ஏன் இல்லை என்பதற்கு அழகைத் தாண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீநகரில் குளிர்காலத்தில் வெளியே உறைபனி, அறைக்குள் கணப்பு. மரம் சுருங்கும், விரியும். ஆணி அடித்த பலகை இப்படி இழுபட்டால் வெடித்துவிடும். காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் பலகை தன் இஷ்டத்துக்கு நகர்ந்துகொள்ளும். மச்சுக்கும் கூரைக்கும் நடுவில் அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கும். நிலம் அதிர்கிற நாடு வேறு. இறுக்கிப் பிடிக்காத கட்டுமானத்துக்கு அதிர்ச்சியைத் தாங்கும் தெம்பு கூடுதல். வீட்டை மாற்றும்போது மச்சைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்துப்போய் வேறு வீட்டில் கோக்கவும் முடியும்.

அந்தக் குளிருக்கு ஏற்ற புத்தி அங்கே விளைந்தது. நம் உப்புக்காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் ஏற்ற புத்தி எங்கே விளைந்தது? இங்கேதான். உலகக் கட்டடக்கலைப் புத்தகங்களில் நம் நகரத்தின் பெயரைத் தாங்கி நிற்பது ஒரு கூரை. 'மெட்ராஸ் டெரஸ்'.

இந்த நகரத்தில் வெள்ளைக்காரன் கட்டியதில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயம், 1680-ல் திறந்தது. அதன் கூரையில் பேருக்குக்கூட மரம் கிடையாது. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று செங்கல்லில் கனமான வளைவுக் கூரை போட்டார்கள். 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கனம் பலன் தந்தது. ஆனால் எல்லோரும் கோட்டைக்குள்ளா குடியிருக்க முடியும்? வீட்டுக்குத் தட்டையான மாடி வேண்டும். வடகம் காயப்போட, கோடையில் படுக்க, கல்யாணத்துக்குப் பந்தி போட. அதற்கு மரம் வேண்டும். சென்னையைச் சுற்றித் தேக்குக் காடு கிடையாது. மரம் கடல்வழி வந்தது.

வந்த வழி பெரிய கதை. பர்மாவின் காட்டில் தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு ஒரு வளையம் வெட்டிவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே பட்டுக் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும், காய்ந்த தேக்குதான் மிதக்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பிறகு வெட்டி, யானை வைத்து இழுத்து ஓடைக்கரையில் போட்டு, மழைக்காலத்து வெள்ளத்தில் மிதக்கவிட்டு, தெப்பமாகக் கட்டி, மௌல்மீனுக்கும் ரங்கூனுக்கும் கொண்டுவருவார்கள். அங்கிருந்து கப்பல். நம் ஊர்த் தாத்தாக்கள் 'ரங்கூன் தேக்கு' என்று மரியாதையோடு சொன்னது இதைத்தான். 1885-ல் மூன்றாம் ஆங்கில-பர்மியப் போர் மூண்டதற்குச் சாக்காக இருந்ததே, வெட்டிய தேக்கைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு மண்டலே அரசு விதித்த அபராதம்தான். 1886 ஜனவரி முதல் தேதி மேல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. ஜார்ஜ் டவுன் வீட்டு நடுக்கூடத்தில் நிற்கும்போது, தலைக்கு மேல் ஒரு ராஜ்யம் போன கதை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கின் உழைப்புக்கு ஒரே ஒரு சாட்சி சொல்கிறேன். 1817-ல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் தச்சர்கள் மலபார்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். பெயர் 'டிரிங்கோமாலி', நம் திருகோணமலைதான். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

இப்போது மெட்ராஸ் டெரஸ் போடுகிற விதம். இரண்டு சுவருக்கும் நடுவே தேக்குச் சட்டங்கள், ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்று. கூடம் அகலமாக இருந்தால் நடுவில் கனமான உத்திரம் கொடுத்து, அதன்மேல் சட்டங்களைப் படுக்க வைப்பார்கள். இது வரைக்கும் ஆசாரியின் ராஜ்யம். இதற்கு மேல் கொத்தனார் வருகிறார். இந்தக் கூரைக்கென்றே மெலிதாக, சிறியதாக அறுத்த செங்கல் உண்டு. அதைப் படுக்கையாக வைக்காமல் குத்தாக நிறுத்தி, அறையின் ஒரு மூலையில் தொடங்கி, சுவருக்குக் குறுக்குவாட்டமாக, நாற்பத்தைந்து டிகிரியில், சுண்ணாம்புக் காரை தடவி ஒட்டிக்கொண்டே போவார். கீழே சென்ட்ரிங் கிடையாது. முட்டுக் கிடையாது. முதல் வரிசை மூலைச்சுவரைப் பிடித்துக்கொள்கிறது, அடுத்த வரிசை முதல் வரிசையைப் பிடித்துக்கொள்கிறது. ஈரக் காரையின் ஒட்டும் குறுக்குவாட்டத்தின் நெருக்கமும்தான் கல்லைத் தாங்குகின்றன. இன்றைய சிவில் இன்ஜினியரிங் மாணவரைக் கூட்டிக்கொண்டு போய் இதைக் காட்டினால் முதலில் நம்ப மாட்டார்.

அதற்கு மேல் உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலக் கனத்தில் ஒரு தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தட்டையான மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. தாளம் தப்பாமல் இருக்கப் பாட்டு. இந்தப் பெண்களின் கூலிக் கணக்கு எந்த மச்சு வீட்டின் வரலாற்றிலும் இருக்காது. தளம் ஒழுகாமல் நின்றது பாதிக்கு மேல் அவர்கள் கைவண்ணத்தால். கடைசியாகத் தட்டோடு பதித்து, இடுக்கை அடைத்து, மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து முடிப்பார்கள்.

காஷ்மீர் மச்சு கூரையைத் தாங்காது, கூரைக்கு அடியில் தொங்கும். நம் மச்சுதான் கூரையையே தாங்குகிறது. ஆகவே இங்கே தச்சனின் நுணுக்கம் கோலத்தில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. மாடிப்படிக்காகத் திறப்பு விடும் இடத்தில் குறுக்குச் சட்டத்தைக் கழுந்தும் துளையுமாகப் பொருத்த வேண்டும். ஆணியை நம்பினால் கடற்காற்று சில வருடங்களில் அதைத் தின்றுவிடும். சட்டத்தின் தலைப்பு சுவருக்குள் போகிற ஒரு முழத்தில்தான் முழு ஆயுளும் இருக்கிறது. சுவர் குடித்த ஈரம் அங்கேதான் சேரும். அதனால் தலைப்புக்குத் தார் பூசி, சுற்றிலும் கொஞ்சம் காற்றோட்டம் விட்டுப் பதிப்பார்கள். அவசரக் கொத்தனார் அந்த இடைவெளியையும் காரை வைத்து அடைத்துவிட்டுப் போவார். ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் சண்டை வருகிற இடம் இதுதான், இன்றைக்கும்.

இத்தனை கணக்குக்கு நடுவிலும் அழகை விடவில்லை. ராயபுரத்தில் இடிக்கப் போகிற ஒரு பழைய வீட்டுக்குள் போய் நின்றபோது கவனித்தேன். ஒவ்வொரு சட்டத்தின் கீழ்விளிம்பிலும், இரண்டு பக்கமும், சன்னமான ஒரு உருட்டு வரி. இழைப்புளியால் ஓட்டியது. சுவருக்கு அரையடி முன்னாலேயே அந்த வரி நின்று, மழுங்கிய ஒரு வளைவில் முடிந்திருந்தது. பன்னிரண்டு அடி உயரத்தில், சுண்ணாம்புப் பூச்சு மூடிப்போன இடத்தில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று இவ்வளவு பாடுபட்டார்கள்? என்னோடு வந்திருந்த வயதான ஆசாரியிடம் கேட்டேன். "விளிம்பு கூரா இருந்தா சில்லு பேர்ந்துடும் சார். அதுக்குத்தான் உருட்டறது" என்றார். நான் கலை என்று நினைத்ததை அவர் பராமரிப்பு என்றார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

மச்சு வெறும் அலங்காரமாகவே உச்சிக்குப் போன இடமும் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. பூமுகத்து மச்சில் தொண்ணூறு பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. அரண்மனை கேரள அரசின் வசம், மண் கன்னியாகுமரி மாவட்டம். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சினிமாக்காரர்கள் போதுமான அளவு காட்டிவிட்டார்கள்.

ராயபுரம் வந்த அந்த ஆசாரியிடம் இன்னொன்றும் கேட்டேன், உங்கள் பையன் இந்த வேலைக்கு வந்தானா என்று.

"கன்டெய்னர் யார்டுல சூப்பர்வைசர் சார். அவனுக்கு வேணாம் சார் இது."

"ஏன் ஆசாரியாரே, கைவேலைக்கு இப்பத்தான் மவுசு வந்திருக்கே?"

"மவுசு வந்துச்சு, காசு வர்ல. பொங்கலுக்குத் தர்றேன்னு சொல்வாங்க, ஆடி வந்துடும். அவனுக்கு ஒண்ணாந்தேதி ஆனா கரெக்டா பேங்க்ல ஏறிடுது."

வாரிசு இல்லையே என்று புலம்புகிறவர்கள் இந்தப் பதிலை முதலில் கேட்க வேண்டும். குலத்தொழில், பரம்பரைக் கலை, ரத்தத்தில் ஊறியது என்று மேடைகளில் உருகுகிறார்கள். தமிழ்நாட்டில் நின்றுகொண்டு அப்படி உருக முடியாது. 1953-ல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று நாடே எழுந்தது. பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். சரியாகத்தான் செய்தார். மகன் உளி பிடிப்பது அவன் விருப்பமாக இருந்தால் கலை. வேறு வழி இல்லாததால் பிடித்தால் அதற்குப் பெயர் வேறு.

அந்த வாதம் முடிந்துபோனது என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு பதினெட்டுத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது, தச்சும் அதில் உண்டு. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையையும் பதினெட்டு வயது என்பதையும் மாற்றச் சொல்லி, மாறாத நிலையில் அதை ஏற்க முடியாது என்றது தமிழ்நாடு. பிறகு 2025-ல் இருபத்தைந்து தொழில்களைச் சேர்த்துக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது, குறைந்தபட்ச வயது முப்பத்தைந்து. பதினெட்டு வயதுப் பையன் கல்லூரிக்குப் போகட்டும் என்பது அதன் உட்கிடை. எனக்கு அதில் உடன்பாடுதான். ஆனால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக வருகிறவருக்குக் கழுந்து போடுவதை யார், எங்கே, எத்தனை வருடம் கற்றுத்தருவார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்தால் கருவி வாங்கலாம். கை வாங்க முடியுமா?

குடும்பம் என்ன கொடுத்தது என்று நிதானமாகப் பார்த்தால், ரத்தம் எதையும் கொடுக்கவில்லை. பத்து வருடம் சோறு போட்டது. கெட்டுப்போன பலகைக்குக் கணக்குக் கேட்காமல் விட்டது. கருவியையும் மாதிரிக்கட்டையையும் தந்தது. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று முதல் வேலையைப் பிடித்துக் கொடுத்தது. கூடவே கதவையும் சாத்தியது. பக்கத்துத் தெருப் பையன், வேறு சாதிக்காரன், சொந்த மகள், யாரும் உள்ளே வர முடியாது.

ஜப்பானில் கொங்கோ குமி என்று ஒரு கோயில் தச்சர் குடும்பக் கம்பெனி. கி.பி. 578-ல், ஒசாகாவில் ஷிட்டென்னோஜி கோயில் கட்டக் கொரியாவின் பெக்சேயிலிருந்து வந்த தச்சர் ஒருவரிடமிருந்து தொடங்கியது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் நடந்து, கடன் சுமையால் 2006-ல் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. இத்தனை காலம் எப்படித் தாங்கியது என்று பார்த்தால், அவர்கள் மூத்த மகன்தான் வாரிசு என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. திறமை இல்லாத மகனைத் தாண்டி அடுத்தவனுக்குக் கொடுத்தார்கள். மருமகனுக்குக் குடும்பப் பெயரைச் சூட்டி உட்கார வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெண்மணி தலைமை ஏற்று நடத்தினார். குடும்பம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் உள்ளே நடந்தது தேர்வு.

நம் ஊர் மச்சைச் சாய்த்தது வாரிசு இல்லாமை இல்லை. வேலை இல்லாமை. இந்தியாவில் சிமென்ட் செய்து பார்த்த முதல் முயற்சிகளில் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது, 1904-ல், கடல் கிளிஞ்சலை வைத்து. அது தேறவில்லை. 1914-ல் போர்பந்தரில் தேறியது. அப்புறம் கம்பியும் சிமென்ட்டும் மலிய மலிய, பர்மாவில் யுத்தமும் விடுதலையும் வந்து ரங்கூன் கப்பல்கள் அருகிப்போக, ஆசாரி வாசக்கால் செய்கிறவர் ஆனார், பிறகு பிளைவுட் அலமாரி செய்கிறவர் ஆனார். பழைய மச்சைப் பிரித்தால் வருகிற சட்டங்கள் வடசென்னையின் பழைய மரக்கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. ஆணி பிடுங்கி, மேல்தோல் சீவினால் உள்ளே புது மரம் போல் மஞ்சள் மினுக்கு. சொகுசு பங்களாக்களுக்குச் சாப்பாட்டு மேசையாகப் போகிறது.

கான்கிரீட்டைத் திட்ட நான் வரவில்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்து ஓலைக்குப் பதில் தளம் போட்டுக் கொடுத்தபோது, நெருப்புக்குப் பயந்து தூங்காமல் கிடந்த ஜனங்களுக்கு அது விடுதலை. தேக்கு மச்சு அவர்களுக்கு எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது. ஆனால் ஒழுங்காகப் போட்டால்தான் கான்கிரீட். 2021-ல் இதே புளியந்தோப்பில், கே.பி. பார்க் புதுக் குடியிருப்பில், கை வைத்தாலே பூச்சு உதிர்கிறது என்று ஜனங்கள் விரலால் சுரண்டிக் காட்டினார்கள், நாடு முழுக்கப் பார்த்தது. ஐ.ஐ.டி.யிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். தரம் என்பது தேக்கிலும் இல்லை, சிமென்ட்டிலும் இல்லை. தன் வேலையைத் திரும்பிப் பார்த்து, இது சரியில்லை, பிரித்துப் போடு என்று சொல்லும் அதிகாரம் வேலைக்காரனிடம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. மச்சு ஆசாரியிடம் அது இருந்தது. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம், அதற்குள் இன்னொரு ஒப்பந்தம் என்று போகிறபோது கடைசியில் கரண்டி பிடிப்பவரிடம் அது இருப்பதில்லை.

வேலை வந்தால் வித்தையும் திரும்பி வருமா? 2012-ஐப் பார்ப்போம். ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் தீப்பிடித்தது. மரக்கூரை எரிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் போனது. அதே வருடம் ஜூனில் ஸ்ரீநகர் கான்யாரில் தஸ்தகீர் சாகிப் தர்கா எரிந்தது. தர்காவைப் பழைய முறையிலேயே திருப்பிக் கட்டினார்கள், ஏனென்றால் வேலை தெரிந்தவர்கள் அங்கே கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். இங்கே பொதுப்பணித் துறை கலச மகாலை எடுத்துக்கொண்டபோது நிலைமை வேறு. தேக்குச் சட்டமும் மெட்ராஸ் டெரஸும் போடத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது, சுண்ணாம்பைப் பழைய பக்குவத்தில் அரைக்க மறுபடி கற்க வேண்டியிருந்தது. கற்றார்கள். கலச மகால் எழுந்தது, பின்னால் அதே அரண்மனையின் ஹுமாயூன் மகாலும் எழுந்தது. செத்துப்போனதாக நினைத்த வித்தை, வேலையும் கூலியும் ஒழுங்காக வந்தவுடன் எழுந்து உட்கார்ந்தது. அந்தச் சாரத்தில் நின்றவர்களின் தாத்தா யார் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்ரீநகரில் கதம்பந்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லது; ஆனால் இயந்திரத்தில் வெட்டிய துண்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன, குறியீட்டால் மட்டும் அவற்றை முழுக்கத் தடுத்துவிட முடியாது. கட்டுகிறவன் கையால் செய்ததுதான் வேண்டும் என்று கேட்டுக் காசு கொடுத்தால்தான் பட்டறையில் பையன் உட்காருவான். அரசு தன் பழைய கட்டடங்களின் பராமரிப்பை ஐந்து வருடம், பத்து வருடம் என்று நீண்ட வேலையாகக் கொடுத்து, அதில் மாதச் சம்பளத்தோடு பயிற்சியாளர்களைச் சேர்த்தால், அந்த ஆசாரியின் மகன் வராவிட்டாலும் வேறு யாராவது வருவார்கள். பெண்களும் வருவார்கள். தளம் தட்டத் தெரிந்தவர்களின் பேத்திகளுக்குச் சட்டம் கோக்கத் தெரியாதா?

கேள்வி நேரத்துக்கு முன் ஒரு நடைமுறை விஷயம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் இன்னும் கட்டை மச்சு வீடுகளில் குடியிருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். மாடி ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளே பூட்டிவிடும். பூட்டிய ஈரம் நேராகச் சட்டத்துக்குத்தான் போகும். ஐப்பசிக்கு முன்னால் மழைத்தண்ணீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்யுங்கள், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு சட்டத்தையும் சுவரை ஒட்டிய இடத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பயமில்லை. பொத்தென்றால் தலைப்பு உளுத்திருக்கிறது, அல்லது கரையான். அப்போதும் முழுச் சட்டத்தை எடுக்க வேண்டியதில்லை. உளுத்த முழத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்டு, சுவருக்குள் காற்று இடைவெளி விட்டுப் பதிக்கலாம். கீழே முட்டுக் கொடுக்காமல் மட்டும் யாரையும் சட்டத்தில் கை வைக்க விடாதீர்கள்.